வாசகர் கேள்வி–பதில்: டிரினிடாட் – டொபாகோ செல்வோருக்கு

கரீபியன் பயணம் குறித்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டிரினிடாட், டொபாகோ என்ற இரு தீவுகளைக் கொண்ட டிரினிடாட் – டொபாகோவைப் பற்றியே கேட்டிருந்ததால், இந்த முறை பக்கங்கள் முழுவதையும் அந்த ஒரு நாட்டுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே வகையான கேள்விகளைச் சேர்த்து, சுருக்கி, பதில் அளித்திருக்கிறோம்.

கேள்வி: என் மனைவியும் நானும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறோம். இந்த நாட்டுக்கு விசா வேண்டியதில்லை என்கிறார் பயண முகவர். அப்படியானால் உடனே பயணச்சீட்டு வாங்கிவிடலாமா?

முகவர் சொன்னது சரிதான். சுற்றுலாவுக்காகச் செல்லும் இந்தியக் குடிமக்கள் 90 நாள் வரை விசா இல்லாமல் அங்கே தங்கலாம். திரும்பும் பயணச்சீட்டு, தங்குமிடத்தின் முகவரி, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று ஆகியவற்றைக் குடிவரவு அதிகாரி கேட்பார் என்பதால், அவற்றை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிற நாட்டுக் கடவுச்சீட்டு உடையவர்கள் தத்தம் நாட்டுக்குரிய விதியைத் தனியே கேட்டறிய வேண்டும். அந்த நாட்டின் உயர் ஆணையம் (தூதரகம்) புது தில்லியில் இயங்குகிறது.

ஆனால் சிக்கல் இருப்பது போய்ச் சேரும் நாட்டில் அல்ல, வழியில்தான். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஐரோப்பா, பனாமா ஆகியவற்றுள் ஏதாவது ஒன்றின் வழியாகத்தான் செல்ல வேண்டும். அமெரிக்க விமான நிலையங்களில் வெளிநாட்டுப் பயணிகள் குடிவரவுச் சோதனைக்கு உட்படாமல் விமானம் மாறும் பகுதி என்று ஒன்று இல்லாததால், இரண்டு மணி நேரம் மட்டுமே அங்கே காத்திருப்பவருக்கும் அமெரிக்க விசா தேவைப்படும். மற்ற நாடுகளின் விதிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதோடு அவ்வப்போது மாறவும் செய்கின்றன. எனவே, பயணச்சீட்டு வாங்கும் முன் வழியிலுள்ள ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் உரிய விதியை அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பில் பார்த்துவிடுங்கள். விலை குறைவு என்பதற்காக இரண்டு தனித்தனிப் பயணச்சீட்டுகளாக வாங்கினால், நடுவழியில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க அந்த நாட்டுக்குள் நுழைய நேரிடும். மிச்சப்படுத்திய பணத்தைவிட விசாவுக்கு ஆகும் செலவு கூடிவிடக் கூடும்.

கேள்வி: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும் என்கிறார் ஒருவர், அந்த நாடே அதைக் கேட்பதில்லை என்கிறார் மற்றொருவர். எது உண்மை?

இரண்டுமே உண்மை. மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளிலிருந்து வருபவரிடம் மட்டுமே டிரினிடாட் அந்தச் சான்றிதழைக் கேட்கிறது. இந்தியா அப்படிப்பட்ட நாடு அல்ல. ஆனால் டிரினிடாட் தீவின் காடுகளில் குரங்குகளுக்கும் கொசுக்களுக்கும் இடையே அந்த நோய்க்கிருமி இருந்துவருவதால், மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள இடங்கள் என்று இந்திய அரசு வைத்திருக்கும் பட்டியலில் டிரினிடாட் இடம்பெற்றிருக்கிறது. டொபாகோ அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே, சான்றிதழ் இல்லாமல் சென்றுவருபவர் போகும்போது எந்தத் தடையையும் சந்திக்க மாட்டார்; இந்தியா திரும்பும்போது விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தப்பட்டு, ஆறு நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம்.

அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டுமே இந்த ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லுபடியாகும். அதன் பிறகு வாழ்நாள் முழுவதற்கும் அது போதும். அறுபது வயதைக் கடந்தவர்களும், முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் மருத்துவரிடம் பேசிய பிறகே முடிவு செய்ய வேண்டும். டொபாகோவுக்கு மட்டும் செல்பவர்களும் பெரும்பாலும் டிரினிடாட்டின் பியார்கோ விமான நிலையத்தில்தான் இறங்குகிறார்கள் என்பதால், சான்றிதழைக் கையில் வைத்திருப்பதே விவாதத்தைத் தவிர்க்கும் வழி. டெங்கு கொசுக்கள் இரு தீவுகளிலும் உண்டு. முழுக்கைச் சட்டையும் கொசு விரட்டிக் களிம்பும் கட்டாயம்.

கேள்வி: எந்த மாதத்தில் செல்வது நல்லது? சூறாவளிக் காலத்தில் மாட்டிக்கொள்வோமா?

ஜனவரி முதல் மே வரை வறண்ட காலம். ஜூன் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். மழைக்காலம் என்றாலும் நாள் முழுவதும் பெய்வதில்லை. பிற்பகலில் கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் மறுபடி அடிக்கும். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் சில வாரங்கள் மழை ஓய்ந்திருப்பதும் உண்டு. நாடு கரீபியனின் தென்கோடியில் இருப்பதால் பெரும்பாலான சூறாவளிகள் வடக்கே விலகிச் சென்றுவிடுகின்றன. முற்றிலும் விலக்கு என்று சொல்லவும் முடியாது; 1963-இல் ‘ஃப்ளோரா’ சூறாவளி டொபாகோவின் தோட்டப் பயிர்களை அடியோடு அழித்ததும், அந்தத் தீவு வேளாண்மையிலிருந்து சுற்றுலாவை நோக்கித் திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணமானதும் வரலாறு.

வேடமிட்டுத் தெருவில் ஆடும் கார்னிவல் திருவிழாவைப் பார்க்கச் செல்பவருக்கு நாள் தேர்வே கிடையாது. கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும் கார்னிவல் நாட்கள். 2027-இல் அவை பிப்ரவரி 8, 9 ஆகிய தேதிகளில் வருகின்றன. சட்டப்படி அவை பொது விடுமுறை அல்ல என்றாலும் நாடே கடையை மூடிவிட்டுத் தெருவில் நிற்கும். திங்கட்கிழமை விடியலுக்கு முன்பே சேறும் சாயமும் பூசிக்கொண்டு ஆடும் ‘ஜூவே’ தொடங்கிவிடும். அதற்கு முந்தைய வாரங்களில் ‘ஸ்டீல் பேன்’ எனப்படும் எஃகுப் பறைகளை இசைக்கும் குழுக்களின் ‘பனோரமா’ போட்டி நடைபெறும். கூட்டமும் இரைச்சலும் பிடிக்காதவர்களுக்கும் ஒரு யோசனை: ஊர்வலத்தை விட்டுவிடலாம்; போட்டிக்கு முன் எஃகுப் பறைக் குழுக்கள் தங்கள் திறந்தவெளிக் கொட்டகைகளில் இரவு நேரங்களில் செய்யும் ஒத்திகையைக் கேட்டுவிட்டு வரலாம். என் கருத்தில் கார்னிவலின் மிகச் சிறந்த பகுதி அதுதான். அந்த வாரங்களில் அறை வாடகை பல மடங்கு உயரும் என்பதால், பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தாக வேண்டும். உடையணிந்து ஊர்வலத்தில் ஆட விரும்புவோர் அந்தந்தக் குழுவிடம் முந்தைய ஆண்டே பணம் கட்டிவிடுவது வழக்கம்.

கேள்வி: ஒரு வாரம்தான் விடுப்பு. டிரினிடாட்டா, டொபாகோவா?

கடலும் மணலும் ஓய்வும் மட்டும் வேண்டும் என்றால் டொபாகோ. ஆனால் விளம்பரங்கள் டொபாகோவை மட்டும் காட்டி டிரினிடாட்டை விமானம் மாறும் இடமாக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. டிரினிடாட் சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் தீவு அல்ல; எண்ணெயும் இயற்கை எரிவாயுவும் அதற்குச் சோறு போடுகின்றன. எனவே அங்கே பயணிக்காகப் புன்னகைத்து நிற்பவர்கள் குறைவு. தங்கள் வாழ்க்கையைத் தாங்களே வாழும் மக்களைப் பார்க்கும் வாய்ப்பு அதிகம். நான்கு நாள் டிரினிடாட், மூன்று நாள் டொபாகோ என்று பிரித்துக்கொள்வது நல்லது.

இரு தீவுகளுக்கும் இடையே விமானம் அரை மணி நேரத்துக்குள் சென்றுவிடும். டிரினிடாட்டிலுள்ள தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து டொபாகோவின் ஸ்கார்பரோவுக்குச் செல்லும் விரைவுப் படகு மூன்று, நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்ளும்; அரசு மானியம் தருவதால் கட்டணம் குறைவு. கடல் கொந்தளிக்கும் நாட்களில் குமட்டல் வராதவர்கள் குறைவு என்பதால், மாத்திரையை ஏறுவதற்கு முன்பே விழுங்கிவிடுங்கள். பள்ளி விடுமுறை, ஈஸ்டர் ஆகிய நாட்களில் இரண்டிலுமே இடம் கிடைப்பது அரிது. நாடு திரும்பும் பன்னாட்டு விமானத்துக்கு முந்தைய இரவை டிரினிடாட்டிலேயே கழியுங்கள். அன்று காலை டொபாகோவிலிருந்து வந்து சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

கேள்வி: எந்தப் பணத்தைக் கொண்டு செல்வது?

அமெரிக்க டாலரைக் கொண்டுசென்று, தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்ளுங்கள். உள்ளூர் நாணயம் டிரினிடாட் – டொபாகோ டாலர்; ஓர் அமெரிக்க டாலருக்கு ஏழுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். விலைப்பலகையில் வெறும் டாலர் குறி இருந்தால் அது உள்ளூர் டாலர் என்றே கொள்ளலாம்; படகுப் பயணம், வழிகாட்டி போன்றவற்றுக்கு எந்த டாலர் என்று கேட்டுக்கொள்வது நல்லது. நாட்டில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு இருந்துவருவதால், உள்ளூர்ப் பணத்தைத் திரும்ப அமெரிக்க டாலராக மாற்றுவது எளிதல்ல. அதிகமாக மாற்றிவிட்டுக் கடைசி நாளில் தவிப்பவர்கள் உண்டு. நகர விடுதிகளிலும் பேரங்காடிகளிலும் கடன் அட்டை செல்லும். தெருக்கடைக்கும் வாடகை வண்டிக்கும் சில்லறை நோட்டுகள் வேண்டும். விடுதிக் கட்டணத்தின் மேல் பத்து விழுக்காடு அறை வரியும், பெரும்பாலும் பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் சேரும்; பதிவு செய்யும்போது காட்டப்படும் தொகையில் இவை அடங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உள்ளூர்ப் போக்குவரத்து எப்படி? கார் ஓட்டலாமா?

இரயில் கிடையாது. மக்கள் பெரிதும் நம்பியிருப்பது ‘மாக்சி டாக்சி’ எனப்படும் சிறு பேருந்துகளையும், குறிப்பிட்ட பாதையில் மட்டும் ஓடும் பகிர்வு டாக்சிகளையும்தான். மாக்சியின் உடலில் ஓடும் பட்டையின் நிறம் அது எந்தப் பகுதிக்குரியது என்று சொல்லிவிடும்: மஞ்சள் என்றால் தலைநகரும் அதன் மேற்கும், சிவப்பு என்றால் கிழக்கு, பச்சை என்றால் தலைநகரிலிருந்து மையப் பகுதி வழியாகச் சான் ஃபெர்னாண்டோ நோக்கிய தெற்கு, நீலம் என்றால் டொபாகோ. தலைநகரில் ‘சிட்டி கேட்’ நிலையத்திலிருந்து கிழக்குக்கும் தெற்குக்கும் வண்டிகள் கிளம்புகின்றன. கால அட்டவணை என்று எதுவும் இல்லை. வண்டி நிறைந்தால் புறப்படும். ஏறும்போது உள்ளே இருப்பவர்களுக்குப் பொதுவாகக் ‘குட் மார்னிங்’ சொல்வது அங்கே மரியாதை. சொல்லாமல் உட்காருபவரை முறைத்துப் பார்ப்பார்கள்.

டாக்சிகளைப் பொறுத்தவரை, பார்க்க வேண்டியது பதிவு எண்ணின் முதல் எழுத்தை மட்டுமே. வாடகைக்கு ஓட உரிமம் பெற்ற வண்டிகளின் எண் ஆங்கில எழுத்தான ‘எச்’சில் தொடங்கும், தனியார் கார்கள் ‘பி’யில் தொடங்கும். ‘பி’ எண் வண்டிகளில் சிலர் உரிமம் இல்லாமல் ஆள் ஏற்றுவதும் உள்ளூர் மக்கள் அவற்றில் ஏறுவதும் அன்றாடக் காட்சி. வெளியூர்க்காரர் அதில் ஏறவே கூடாது. பகிர்வு டாக்சியும் தனி வாடகை டாக்சியும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பகிர்வு டாக்சியில் ஒருவருக்கு இவ்வளவு என்பது கணக்கு. ‘என்னை மட்டும் கொண்டுபோய் விடுங்கள்’ என்று சொன்ன மறுகணம் கட்டணம் பல மடங்காகிவிடும். மீட்டர் இல்லை என்பதால், உட்காருமுன் தொகையைப் பேசி முடிவு செய்யுங்கள். விமான நிலையத்தில் அதிகாரபூர்வ டாக்சிகளுக்குக் கட்டணப் பட்டியல் உண்டு. போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கும் சான் ஃபெர்னாண்டோவுக்கும் இடையே கடல்வழியே ஓடும் அரசுப் படகு, நெடுஞ்சாலை நெரிசலைத் தவிர்க்க நல்ல வழி. ஆனால் அது அலுவலகம் செல்வோரின் நேரத்துக்கு ஏற்ப ஓடுவது.

கார் எடுத்தால் பல இடங்களுக்கு எளிதில் செல்லலாம். வண்டிகள் இடப்புறம் செல்வதால் நமக்குப் பழக்கமானதே. இந்திய ஓட்டுநர் உரிமம் உடையவர் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டையும் எடுத்துச்செல்ல வேண்டும். தலைநகரிலிருந்து மராக்கஸ் கடற்கரைக்கு மலைமேல் வளைந்து செல்லும் வடகரைச் சாலை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படையினர் போட்டது. பார்க்க அழகானது, ஆனால் மழையில் மண் சரியும். பகலிலேயே போய்த் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவ உணவு மட்டுமே உண்பவர்கள். பட்டினி கிடக்க நேருமா?

கரீபியனில் சைவருக்கு இதைவிட வசதியான நாட்டைச் சொல்வது கடினம். நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இந்திய வம்சாவளியினர் என்பதால், ரொட்டியும் கொண்டைக்கடலையும் அங்கே எல்லா மக்களின் உணவாகிவிட்டன. காலையில் தெருவோரத்தில் கூட்டம் மொய்த்து நிற்கும் இடத்தில் கட்டாயம் ‘டபுள்ஸ்’ விற்பார்கள். மஞ்சள் சேர்த்துப் பொரித்த ‘பரா’ எனும் மெல்லிய அப்பம் இரண்டின் மேல் கொண்டைக்கடலைக் குழம்பை ஊற்றி, வெள்ளரி, புளி, மாங்காய்ச் சட்னிகளைச் சேர்த்துத் தாளில் மடித்துத் தருவார்கள். விலை பத்து டிரினிடாட் டாலருக்கும் குறைவு. இறைச்சியோ, முட்டையோ, பாலோ அதில் இல்லை. நின்றபடியே, கை வழிய வழியத் தின்பதுதான் முறை. காரம் எவ்வளவு என்று கேட்கும்போது ‘கொஞ்சம்’ என்று சொல்லுங்கள். நம் ஊர் மிளகாய்க்குப் பழகிய நாக்கு என்ற தைரியம் அங்கே செல்லாது. 2012-இல் உலகிலேயே மிகக் காரமானது என்று நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்த ‘மொருகா ஸ்கார்ப்பியன்’ மிளகாய், டிரினிடாட்டின் மொருகா வட்டாரத்தின் பெயரைத் தாங்கியது.

ரொட்டிக் கடைகளில் பருப்புப் பொடி உள்ளே வைத்த ‘தால்பூரி’யும், கிழித்துப் பிசைந்த துணிபோல் தோன்றும் ‘பஸ் அப் ஷட்’டும் கிடைக்கும், தொட்டுக்கொள்ளப் பூசணி, கீரை, காராமணிக்காய், உருளைக்கிழங்கு, மாங்காய்க் கறிகள் உண்டு. சுட்ட கத்தரிக்காயைப் பூண்டு தாளித்துப் பிசைந்த ‘சோக்கா’வைக் காலையில் தேடிப்பிடித்துச் சாப்பிடுங்கள். தென்பகுதியில் டெபே ஊரின் சாலையோரக் கடைகள் பொரித்த பண்டங்களுக்குப் பெயர்பெற்றவை. ராஸ்தஃபாரி சமயத்தார் நடத்தும் ‘ஐட்டல்’ உணவகங்களிலும் இறைச்சி இருக்காது.

கவனிக்க வேண்டியவை சில: கீரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்யும் ‘கலலூ’ பார்க்கச் சைவம்போல் இருக்கும், பெரும்பாலும் அதில் நண்டோ உப்பிட்ட பன்றி இறைச்சியோ கிடக்கும். அவரையும் பயறும் வேகவைத்த குழம்புகளிலும் பன்றி வால் சேர்ப்பதுண்டு. ‘மீன் சைவம்தானே’ என்ற எண்ணம் அங்கேயும் சிலரிடம் இருப்பதால், இறைச்சி, மீன், முட்டை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்பதே பாதுகாப்பு.

கேள்வி: குற்றங்கள் மிகுந்த நாடு என்று படித்தேன். இரண்டு பெண்கள் தனியாகச் செல்லலாமா?

இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். சுமார் 14 லட்சம் மக்கள் வாழும் அந்த நாட்டில் 2024-இல் அறுநூறுக்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. அந்த ஆண்டின் இறுதியிலும், மறுபடி 2025 ஜூலையிலும் அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. கொலைகளில் பெரும்பாலானவை குற்றக் கும்பல்களுக்கு இடையே, தலைநகரின் கிழக்கு ஓரத்திலுள்ள லாவென்டில், பீத்தம், சீ லாட்ஸ் போன்ற குறிப்பிட்ட பகுதிகளைச் சுற்றி நடப்பவை; சுற்றுலாப் பயணிக்கு அங்கே வேலை இல்லை. பயணியைத் தேடி வரும் ஆபத்து வழிப்பறிதான்.

செல்லலாம், பகலுக்கு ஒரு விதி, இரவுக்கு ஒரு விதி என்று வைத்துக்கொண்டால். பகலில் தலைநகரின் மையத்திலும் குவீன்ஸ் பார்க் சவான்னா மைதானத்தைச் சுற்றியும் மக்கள் நடமாட்டத்தோடு நடக்கலாம். இருட்டிய பிறகு பக்கத்துத் தெருவுக்குக்கூட விடுதி ஏற்பாடு செய்த வண்டியில் செல்லுங்கள். ஆளில்லாத கடற்கரைக்கும் அருவிக்கும், நடுப்பகலாக இருந்தாலும், வழிகாட்டியோடோ குழுவோடோ மட்டும் செல்லுங்கள். இது அமைதியான டொபாகோவுக்கும் பொருந்தும். தங்கச் சங்கிலியை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். நெருக்கடி நிலை நடப்பில் இருந்தால், காவலர்களுக்குச் சோதனையிடவும் கைது செய்யவும் கூடுதல் அதிகாரம் இருக்கும் என்பதால், கடவுச்சீட்டின் நகல் எப்போதும் கையில் இருக்கட்டும். தனியார் படகில் வெனிசுவேலாப் பக்கமாகச் செல்லும் அழைப்பு எதையும் ஏற்காதீர்கள். காவல்துறைக்கு 999, தீயணைப்புக்கு 990, ஆம்புலன்சுக்கு 811 என்ற எண்களைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். இந்தியாவின் உயர் ஆணையம் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இருக்கிறது.

கேள்வி: என் மகனிடம் இராணுவ வண்ணத்தில் ஒரு சட்டை இருக்கிறது. அதை அங்கே அணியக் கூடாதாமே?

கூடாது. படையினரைத் தவிர வேறு யாரும் அந்தப் புள்ளி வண்ணத் துணியை அணிவது அங்கே சட்டப்படி குற்றம்; குழந்தைகளின் உடை, தொப்பி, பை ஆகியவற்றுக்கும் விலக்கில்லை.

கேள்வி: நம் நாட்டிலிருந்து கூலிகளாகச் சென்றவர்களின் சுவடுகளைப் பார்க்க விரும்புகிறோம். எங்கே செல்வது?

1845 மே 30 அன்று ‘ஃபாத்தல் ரசாக்’ என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை அங்கே கொண்டுவந்து இறக்கியது; அந்த நாள் இன்று பொது விடுமுறை. 1917 வரை வந்து சேர்ந்தவர்கள் சுமார் 1,40,000 பேர். பெரும்பாலோர் கல்கத்தா துறைமுகம் வழியாக வந்த வட இந்தியர். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏற்றப்பட்டவர்களும் இருந்தனர். தமிழ் பேசுவோரைத் தேடிச் சென்றால் ஏமாற்றம்தான் மிஞ்சும், மொழி மறைந்துவிட்டது. அவர்களிடமிருந்து வந்த காளி வழிபாடு மட்டும், சாமியாட்டத்தோடும் பலியோடும், சில கோயில்களில் தொடர்கிறது. அது சுற்றுலாக் காட்சி அல்ல என்பதால், பூசாரியின் அனுமதியின்றிப் படம் எடுக்க வேண்டாம்.

கட்டாயம் பார்க்க வேண்டியது மேற்குக் கரையில் வாட்டர்லூ கிராமத்திலுள்ள கடல் கோயில். சிவதாஸ் சாது என்ற கரும்புத் தோட்டத் தொழிலாளி 1947-இல் கரையோரம் ஒரு கோயில் கட்டினார்; நிலம் சர்க்கரை நிறுவனத்துக்குச் சொந்தமானது என்று அது இடிக்கப்பட்டது, அவர் சிறை சென்றார். நிலம்தானே உங்களுடையது என்பதுபோல், வெளியே வந்தவர் கல்லும் மண்ணும் சுமந்து, மிதிவண்டியில் ஏற்றிச்சென்று, கடலுக்குள்ளேயே மேடு எழுப்பி இருபத்தைந்து ஆண்டுகளாகக் கட்டிக்கொண்டிருந்தார். இப்போது நிற்பது, இந்தியர் வருகையின் 150-ஆவது ஆண்டையொட்டி 1995-இல் அரசு உதவியுடன் புதுப்பிக்கப்பட்டது. நீர்மட்டம் உயர்ந்திருக்கும் நேரத்தில் சென்றால் நாற்புறமும் தண்ணீர் சூழ்ந்திருக்கும். தாழ்ந்திருக்கும்போது சேறுதான் தெரியும். அருகிலேயே கடற்கரைச் சுடுகாடு இருக்கிறது. சிதை எரிந்துகொண்டிருந்தால் படக்கருவியைப் பையில் வைத்துவிடுங்கள். காராப்பிச்சைமாவில் 85 அடி உயர அனுமன் சிலையும், வாட்டர்லூ செல்லும் வழியில் இந்தோ – கரீபிய அருங்காட்சியகமும் உள்ளன. மூன்றையும் அரை நாளில் பார்த்துவிடலாம். தீபாவளியையொட்டிச் செல்பவர்கள் சகுவானாஸ் நகரின் ‘திவாளி நகர்’ விழாவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: மின்சாரம், கைப்பேசி?

அங்கே 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அமெரிக்க வகைத் தட்டையான முள் செருகி வேண்டும். 230 வோல்ட்டுக்கு மட்டுமேயான கெட்டில், இஸ்திரிப்பெட்டி போன்றவற்றை எடுத்துச்செல்லாதீர்கள். டிஜிசெல், பிமொபைல் ஆகிய இரு நிறுவனங்களின் சிம் அட்டைகளைக் கடவுச்சீட்டைக் காட்டி வாங்கலாம்.

கேள்வி: செந்நிறப் பறவைகளையும் தார் ஏரியையும் ஆமைகளையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியுமா?

முடியும், மார்ச் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் சென்றால் மட்டும். கடலிலேயே மிகப் பெரிய ஆமையான தோல்முதுகு ஆமை முட்டையிட வடகிழக்கே கிராண்ட் ரிவியேர், மட்டூரா கடற்கரைகளுக்கு வருவது அந்த மாதங்களில்தான். அப்போது அந்தக் கரைகள் தடைசெய்யப்பட்ட பகுதிகள் என்பதால், வனத்துறை அனுமதிச் சீட்டு பெற்று வழிகாட்டியோடு இரவில் செல்ல வேண்டும். மின்னொளிப் படம் கூடாது. சிவப்பு விளக்குக்கு மட்டுமே அனுமதி. சாலை நீண்டது, வளைவுகள் மிகுந்தது. அன்றிரவு அங்கேயே தங்கிவிடுங்கள்.

பறவைகள் கரோனி சதுப்பு நிலத்தில். தேசியப் பறவையான செவ்வரிவாள் மூக்கன்கள் மாலையில் கூட்டம் கூட்டமாக அலையாத்தி மரங்களுக்குத் திரும்பும். அதற்கேற்ப நான்கு மணியளவில் படகுகள் புறப்படுகின்றன. படகு தொலைவிலேயே நிற்கும் என்பதால் இருநோக்கி இல்லாமல் செல்வதில் பயனில்லை. தென்மேற்கே லா பிரேயாவிலுள்ள தார் ஏரி ஏறத்தாழ 40 ஹெக்டேர் பரப்புள்ளது. 1595-இல் வால்ட்டர் ராலே தன் கப்பல்களின் பிளவுகளை அடைக்க இந்தத் தாரைத்தான் எடுத்தார். பார்த்தவுடன் ‘இவ்வளவுதானா, வண்டி நிறுத்துமிடம் மாதிரி இருக்கிறதே’ என்று தோன்றும். வழிகாட்டியோடு உள்ளே நடந்து, காலடியில் நிலம் அமுங்குவதை உணரும்போதுதான் அதன் வியப்பு பிடிபடும். சில இடங்கள் ஆளை இழுக்கும் அளவுக்கு மென்மையானவை, தனியே இறங்காதீர்கள்.

கேள்வி: குழந்தைகளோடு கடலில் குளிக்க எந்த இடம் பாதுகாப்பானது?

டொபாகோவில் பிஜியன் பாயிண்ட். நுழைவுக் கட்டணம் உண்டு, அலை குறைவு. அங்கிருந்தும் ஸ்டோர் பேயிலிருந்தும் கண்ணாடி அடித்தளப் படகில் பக்கூ பவளத்திட்டுக்கும், நடுக்கடலில் இடுப்பளவே ஆழமுள்ள ‘நைலான் பூல்’ எனும் வெண்மணல் திட்டுக்கும் செல்லலாம். பவளத்தின் மேல் கால் வைக்க வேண்டாம். டிரினிடாட்டின் மராக்கஸில் நீரோட்டம் வலுவானது. உயிர்காப்பாளர்கள் நட்டிருக்கும் கொடிகளுக்கு இடையே மட்டும் இறங்க வேண்டும், செங்கொடி பறந்தால் இறங்கவே கூடாது. பக்கத்திலுள்ள லாஸ் கேவாஸில் அலை சற்று அமைதியானது. ஆனால் மாலையில் மணல் ஈக்கள் கடித்துக் குதறும்.

கரையோரத்தில் சிறிய பச்சை ஆப்பிள்போல் காய்க்கும் ‘மான்சினீல்’ மரத்தைக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அதன் காயும் பாலும் நஞ்சு; மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் நீர்கூடத் தோலைக் கொப்புளமாக்கும். சில இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை தீட்டியிருப்பார்கள், எல்லா இடங்களிலும் அல்ல. எந்த மரத்தின் நிழலில் துணியை விரிக்கலாம் என்று அங்கே தேங்காய் விற்பவரிடம் கேட்டுவிட்டு விரியுங்கள்.